ராத்திரி லைட் போட்டா ஹீட் முள் ஏறுது, காலையில செல்ஃப் இழுக்கல: 2008 மாடல் டீசல் எஸ்யூவி

பாமணிக்கரை (கோட்டூர், மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கங்க. 2008 மாடல் டீசல் எஸ்யூவி வச்சிருக்கேன். 2.5 லிட்டர் டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன், பழைய ரோட்டரி பம்பு, பின்னால பட்டை ஸ்பிரிங். கம்பெனி பேரு போடல. இந்த வயசுல எந்த வண்டியா இருந்தாலும் இதெல்லாம் வரும். 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. விதை நெல்லு, உரமூட்டை ஏத்துறது இதுலதான், அப்பாவைத் தஞ்சாவூருக்கு டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போறதும் இதுலதான். அவரை வச்சிக்கிட்டு நீடாமங்கலம் ரோட்டுல நடு ராத்திரி நின்னுடக் கூடாது. என் கவலையெல்லாம் அதுதான்.

வண்டி பண்றதைச் சொல்றேன். காலையில சாவி போட்டா செல்ஃப் ரொம்ப சோம்பலா சுத்துது, ரெண்டு மூணு இழுப்புக்கு அப்புறம்தான் பிடிக்குது. ராத்திரி ஹெட்லைட் போட்டா ஹீட் முள் பாதியைத் தாண்டி ஏறுது. கூட புளோயரும் போட்டா இன்னும் மேல போவுது. லைட்டை அணைச்சா கொஞ்ச நேரத்துல இறங்கிடுது. பகல்ல ஏசி போட்டுக்கிட்டு அறுவடை மெஷின் பின்னால ஊர்ந்து போனாலும் முள் லேசா ஏறுது. பிரேக் மிதிச்சிக்கிட்டு இண்டிகேட்டர் போட்டா பின்னாடி விளக்கெல்லாம் மங்கலா மாறி மாறி மினுக்குது. 70-ஐத் தொட்டா ஸ்டியரிங் ஆடுது. ரிவர்ஸ்லேருந்து ஃபர்ஸ்ட் கியர் மாத்தினா அடியில "டக்"னு ஒரு சத்தம். ரெண்டு நாள் நிறுத்தி வச்சா பேட்டரி படுத்துடுது.

புது பேட்டரி போட்டாச்சு. டைனமோவைக் கழட்டி வேலை பார்த்து மாட்டியாச்சு. இப்ப ஒரு ஒர்க் ஷாப்புல, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்னு சொல்றாங்க. கூலன்ட் அளவு குறையவே இல்லை. ஆயில் சுத்தமா இருக்கு. சம்பா அறுவடைக்கு முன்னாடி கீழ்ப்பக்கம் துரு சுரண்டி சேஸிக்குப் பெயிண்ட் அடிச்சோம். அதுக்கு முன்னாடி இவ்வளவு தொந்தரவு இல்லை. ஹெட்டை இறக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆட்டோ எலக்ட்ரிக் (திருத்துறைப்பூண்டி)

தம்பி, ஹெட்டை இறக்க வேணாம். இப்போதைக்கு ஒரு ஸ்பேனர் கூட வைக்க வேணாம். மல்டிமீட்டர் இல்லைன்னா ஒண்ணு வாங்குங்க. சாதாரண மீட்டரே போதும், 10 ஆம்பியர் ஓட்டை இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. நான் டிராக்டர், லாரி, ஜீப்புன்னு இந்த ஒயருக்குள்ளயே வாழ்ந்தவன். பழைய வண்டிக்காரங்க காசு கரையறது பழுதால இல்லை, அளக்காம சாமான் மாத்துறதாலதான். நீங்க போட்ட புது பேட்டரிக்கே பழைய பேட்டரியை யாராவது அளந்து பார்த்தாங்களான்னு எனக்கு சந்தேகமா இருக்கு.

நீங்க எழுதினதுல எனக்கு விடை சொன்னது ஒரே வரி. "லைட் போட்டா ஹீட் முள் ஏறுது, அணைச்சா இறங்குது." இன்ஜின்ல 80 டிகிரி சூட்டுல அத்தனை லிட்டர் தண்ணி சுத்திக்கிட்டு இருக்கு. ஹெட்லைட் போட்டதுக்காக அது சூடாவாது, அணைச்சதும் ஆறாது. அப்ப மாறுறது சூடு இல்லை, முள்ளு மட்டும்தான்.

ஏன் மாறுது? ஹீட் சென்சாருக்கு ஒத்தை ஒயர்தான். அதோட எர்த், அதாவது கரண்ட் திரும்புற வழி, இன்ஜின் பிளாக். டேஷ்போர்டு மீட்டருக்கு எர்த் பாடி. பிளாக்கையும் பாடியையும் ஒண்ணா வச்சிருக்கறது ஒரு எர்த் பட்டை. இன்ஜின் ஓடுறப்போ கரண்ட் கொடுக்கறது டைனமோ, அது பிளாக்குல உக்காந்திருக்கு. லைட், புளோயர், பேட்டரிக்குள்ள போற சார்ஜ், எல்லாம் போன கரண்ட் பாடி வழியா அந்தப் பட்டையில ஏறித்தான் பிளாக்குக்குத் திரும்பணும். பட்டையோட முனையில துருவோ பெயிண்டோ இருந்தா, மதகு அடைச்ச வாய்க்கால்ல தண்ணி தேங்குற மாதிரி அங்க வோல்ட் தேங்கிடும். பாடி அரை வோல்ட், ஒரு வோல்ட் மேல நிக்கும். மீட்டர் அந்த வித்தியாசத்தையும் சூடுன்னே காட்டும்.

அதே பட்டை வழியாத்தான் காலையில செல்ஃபுக்கும் கரண்ட் திரும்பணும். அது நூறு இருநூறு ஆம்பியர் சமாச்சாரம். அதனாலதான் செல்ஃப் சோம்புது. பேட்டரி சார்ஜ் ஆவுறதும் குறையுது. ஆக உங்க பட்டியல்ல மூணு நோய்க்கு ஒரே மூலம். சேஸிக்குப் பெயிண்ட் அடிச்ச பிறகு ஆரம்பிச்சதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எர்த் போல்ட்டைக் கழட்டி, பெயிண்ட் அடிச்சு, பெயிண்ட் மேலயே திரும்ப முடுக்கியிருப்பாங்க.

நம்பிக்கையில விடாதீங்க, அளந்து பாருங்க. மீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. ராத்திரி முழுக்க நின்ன பேட்டரி 12.6 காட்டினா நிறைஞ்சிருக்கு. 12.2 காட்டினா பாதி. அடுத்து பம்பு மேல இருக்கற ஸ்டாப் சோலனாய்டு (டீசலை நிறுத்துற வால்வு) ஒயரைக் கழட்டி முனையில டேப் சுத்திடுங்க, இன்ஜின் பிடிக்காம செல்ஃப் மட்டும் சுத்தும். கியர் நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒரு ஆளை சாவி போடச் சொல்லுங்க. சுத்தும்போது பேட்டரி ரெண்டு முனையிலயும் அளங்க, 10-க்குக் கீழ விழக் கூடாது. பிறகு மீட்டரோட கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலயே வைங்க. கேபிள் முனையில இருக்கற லக்குல இல்லை, ஈயக் கம்பத்துல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்குல சுத்தமான ஒரு போல்ட் தலையில அழுத்தி, திரும்பச் சுத்தச் சொல்லுங்க. நல்ல எர்த்துன்னா 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள நிக்கும். 1-ஐத் தாண்டினா திருடன் மாட்டினான். ஒவ்வொரு சுத்தும் சில நொடிதான், நடுவுல செல்ஃபுக்கு ஓய்வு கொடுங்க.

மீட்டர் வர்ற வரைக்கும் பொறுக்கலைன்னா, தடிச்ச ஜம்பர் கேபிள் ஒண்ணை எடுத்து பேட்டரி நெகட்டிவ்லேருந்து நேரா இன்ஜின் பிளாக்குக்குக் கொடுத்து செல்ஃப் அடிங்க. சட்டுன்னு சுத்தினா எர்த்துதான்.

இன்னொண்ணு, செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சூடாவுதான்னு தொட்டுப் பாருங்க. பட்டை சரியில்லாதப்போ கரண்ட் கிடைச்ச வழியில திரும்பும், கேபிள் உள்ள இருக்கற பிளாஸ்டிக் உருகிப் போனதை நான் பார்த்திருக்கேன். இதை அவசரமாப் பாருங்க.

சிலிண்டரைச் சூடாக்குற ஹீட்டர் பிளக்கை மாத்தச் சொல்லி யாராவது வந்தா இப்ப கேக்காதீங்க. நம்ம பக்கம் மார்கழி விடியல்லயே பெரிய குளிர் கிடையாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் இல்லாமலே பிடிக்கும், சுத்துற வேகம் இருந்தா. டீசல் முதல்ல தனி அறையில எரியுற பழைய ப்ரீ சேம்பர் இன்ஜின்னா கதை வேற. வேகமா சுத்தியும் பிடிக்கலைன்னாதான் டீசல் லைன்ல காத்து இழுக்குதான்னு பார்க்கணும். பம்புலேருந்து திரும்புற லைன்ல ஒரு ஜாண் கண்ணாடி ஹோஸ் மாட்டினா குமிழ் ஓடுறது தெரிஞ்சிடும்.

ஹெட் கேஸ்கெட்டைப் பத்தி ஒரு வார்த்தை. அது போயிருந்தா கூலன்ட் குறையணும், இல்லைன்னா வண்டி ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினா விடாம குமிழ் வரணும், இல்லைன்னா ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆன ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகணும். உங்ககிட்ட கூலன்ட் குறையல. மத்த ரெண்டையும் பார்த்துட்டு எழுதுங்க. சூடா இருக்கும்போது மட்டும் மூடியில கை வைக்காதீங்க, முகத்துல அடிச்சிடும்.

உப்பளத்தான் (வேதாரண்யம்)

அண்ணன் சொன்னதுல இதையும் சேர்த்துக்கங்க. பின் விளக்கு மாறி மாறி மினுக்குறது தனி எர்த். டெயில் லேம்ப் கூட்டுக்குள்ள ஒரு கருப்பு ஒயர் வரும், அது பாடியில ஒரு சின்ன ஸ்க்ரூவுல முடிஞ்சிருக்கும். அது துருப்பிடிச்சா பிரேக் லைட் கரண்ட் திரும்ப வழியில்லாம இண்டிகேட்டர் பல்பு, பார்க்கிங் பல்பு வழியா சுத்திப் போவும். எங்க கடற்கரைப் பக்கம் வருஷா வருஷம் பார்க்கற வேலை இது. ஸ்க்ரூவைக் கழட்டி உப்புத்தாளால வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, முடுக்கின பிறகு மேல பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. முடுக்கறதுக்கு முன்னாடி இல்லை, பிறகு.

உங்க வண்டி எங்கேருந்து வாங்கினது? 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் எங்க பக்கம் கரையேறினப்போ எத்தனையோ வண்டி மழையிலயும் தண்ணியிலயும் கிடந்துச்சு. பிறகு கழுவி வித்தாங்க. பழைய வண்டி வாங்கறவங்க சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கோடு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி சீட் போல்ட்டு அடியையும் பாருங்க. அப்படி ஒரு வண்டி கையில வந்திருந்தா ஃபியூஸ் பெட்டியைக் கழட்டி ஒவ்வொரு பின்னையும் சுத்தம் பண்ணாம எந்த எலக்ட்ரிக்கல் பழுதையும் தேடாதீங்க.

ரேடியேட்டருக்கு போர் தண்ணி ஊத்துற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க. கடலோரம் நிலத்தடித் தண்ணி உப்பு. அலுமினியத்தைத் தின்னுடும், ட்யூப்புல படிஞ்சு அடைச்சிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும்தான்.

பாமணிக்கரை

ரொம்ப நன்றிண்ணே, உப்பளத்தான் உங்களுக்கும். வண்டி திருச்சியிலேருந்து வாங்கினதுங்க, சீட் பெல்ட் சுத்தமா இருக்கு.

மீட்டர் வாங்கி அளந்துட்டேன். நின்னபோது பேட்டரி 12.5. செல்ஃப் சுத்தும்போது பேட்டரியில 11.2. நெகட்டிவ் கம்பத்துக்கும் சேஸிக்கும் நடுவுல 0.1. நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் 3.1 வோல்ட்! லைட், புளோயர் போட்டு இன்ஜின் ஓடும்போது டைனமோ பின்பக்கக் கம்பத்துக்கும் டைனமோ உடம்புக்கும் 14.2, பேட்டரியில 13.4. ரேடியேட்டர்ல குமிழ் இல்லை, ஹோஸ் இறுகல.

சேஸியிலேருந்து கியர்பாக்ஸுக்குப் போற பின்னல் பட்டையைக் கழட்டினேன். நீங்க சொன்ன மாதிரியே சேஸி பக்கம் லக்குக்கு அடியில பளபளன்னு கருப்புப் பெயிண்ட். கியர்பாக்ஸ் பக்கம் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு, பாதி இழை கையோட உதிர்ந்து வந்துடுச்சு. ஆக்சிலேட்டர் கேபிள் கூடு ஒரு இடத்துல உருகியிருக்கு.

ஆட்டோ எலக்ட்ரிக் (திருத்துறைப்பூண்டி)

3.1 வோல்ட்! பேட்டரி 11.2 கொடுக்குது, அதுல 3.1 அந்தப் பெயிண்ட்லயே நின்னுடுது. செல்ஃபுக்குக் கிடைச்சது 8 சொச்சம். புது பேட்டரி போட்டும் மாறாததுக்கு இதுதான் காரணம்.

அந்தப் பட்டையைத் தூக்கிப் போடுங்க. 35 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள், ரெண்டு முனையும் லக்கை அழுத்தி கிரிம்ப் பண்ணினது வாங்குங்க. சுத்தியலால தட்டி ஒட்டினது வேணாம். சேஸியில ரூபா அகலத்துக்கு இரும்பு தெரியத் தேய்ச்சு, பல்லு வாஷர் போட்டு முடுக்குங்க. என் பழக்கம், பேட்டரி நெகட்டிவ்லேருந்து நேரா பிளாக்குக்கும் இன்னொரு கேபிள் கொடுத்துடுவேன். பழைய வண்டிக்கு அது நல்ல காவல். ஆக்சிலேட்டர் கேபிளையும் மாத்துங்க, ஓடும்போது ஒட்டிக்கிட்டா ஆபத்து.

பகல்ல ஏசியில ஊரும்போது ஏறுறது நிஜச் சூடா இருக்கலாம், அதை மட்டும் தனியாப் பாருங்க. ஊரும்போது ஏறி, ஓட்டம் பிடிச்சா இறங்கினா ஃபேன் பக்கம். ஓட்டத்துல ஏறினா ரேடியேட்டர் அடைப்பு அல்லது தண்ணி ஓட்டம். அறுவடை மெஷின் பின்னால போற வண்டியில ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பதரும் வைக்கல் தூசியும் மெத்தை மாதிரி உக்காந்திருக்கும். முன்னாடி பார்த்தா சுத்தமாத் தெரியும், டார்ச் அடிச்சு இடுக்குல பாருங்க. கழுவும்போது இன்ஜின் பக்கத்துலேருந்து முன்னால தள்ளுற மாதிரி சாதா ஹோஸ்ல அடிங்க. வாட்டர் சர்வீஸ் கன் பக்கத்துல வச்சா ரெக்கையெல்லாம் மடங்கிடும். இன்ஜின் சூடா இருக்கும்போது அணைச்சு, சாவியை எடுத்துட்டு, ஃபேனைக் கையால தள்ளிப் பாருங்க. கெட்டியா இருந்தா சரி. காத்தாடி மாதிரி சுத்தினா, ஃபேனைப் பிடிச்சுச் சுத்த வைக்கற விஸ்கஸ் கிளட்ச் போயிடுச்சு.

பேட்டரி படுக்கறதுதான் பாக்கி. எர்த் சரியானதும் நல்லா சார்ஜ் ஆவும். ஆனா புது பேட்டரி ரெண்டு நாள்ல படுக்கணும்னா எங்கயோ கரண்ட் கசியுது. எல்லாத்தையும் அணைச்சு, கதவை மூடி, பேட்டரி நெகட்டிவ் லக்கைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில போட்டு லக்குக்கும் கம்பத்துக்கும் நடுவுல மாட்டுங்க. மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. ஹீட்டரோ செல்ஃபோ இழுத்தா மீட்டர் போயிடும். 0.05 ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. அதுக்கு மேலன்னா ஒவ்வொரு ஃபியூஸா உருவுங்க, எதை எடுத்தா விழுதோ அந்த லைன். ஒயரை எலி கடிச்சிருந்தாலும் இதுல தெரிஞ்சிடும், அறுவடை முடிஞ்சா வயல் எலியெல்லாம் பானெட்டுக்குள்ளதான் வரும். எந்த ஃபியூஸுக்கும் விழலைன்னா டைனமோவுக்குள்ள கரண்ட் திரும்பிப் போகாம தடுக்குற டயோடைச் சந்தேகப்படுங்க.

ஒரத்தநாடு டீச்சர்

தம்பி, 70-ல ஸ்டியரிங் ஆடுறதைப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். வாய்க்கால் கரையில போற வண்டிதானே? சக்கரத்தைக் கழட்டி ரிம்மோட உள்பக்கம் பாருங்க. நம்ம களிமண் உள்ள அப்பிக் காஞ்சிடும், ஒரு பக்கம் கனம் கூடிடும். மேல எவ்வளவு கழுவினாலும் அது போவாது. என் வண்டிக்கு அலைன்மென்ட், பேலன்சிங், டயர்னு எல்லாம் சொன்னாங்க. பஞ்சர் கடைப் பையன் ஒருத்தன் கொத்துக்கரண்டியால அந்த மண்ணைப் பேர்த்து எடுத்தான், ஆட்டம் நின்னுடுச்சு. மண்ணை எடுத்தும் ஆடினா முன்சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பேரிங் இல்லைன்னா பால் ஜாயிண்ட். இடது வலதாப் பிடிச்சு ஆட்டினா மட்டும் அசைஞ்சா டை ராடு எண்ட். ஜாக்கை நம்பிக் கீழ போவாதீங்க, ஸ்டாண்டு வைங்க.

ரோட்டுல காயப்போட்ட வைக்கல், உளுந்துக் கொடி மேல வண்டியை ஏத்தவும் வேணாம். பின்சக்கரத்துக்குச் சுத்து கொண்டு போற ஷாஃப்ட்டுல சுத்திக்கும். சைலன்சர் சூட்டுல தீப்பிடிக்கறதும் உண்டு. சுத்தி வந்தாலும் பரவாயில்லை.

பாமணிக்கரை

டீச்சரம்மா, ரிம்முல நாலு விரல் கனத்துக்கு மண்ணு இருந்துச்சு! எடுத்ததும் 80 வரைக்கும் ஆட்டமே இல்லை.

அண்ணே, புது எர்த் கேபிள் ரெண்டும் போட்டாச்சு. இப்ப செல்ஃப் சுத்தும்போது பிளாக்குக்கு 0.2 வோல்ட்தான். சாவி திருப்பினதும் பிடிக்குது. லைட் போட்டா முள் அசையவே இல்லை. டெயில் லேம்ப் ஸ்க்ரூவும் தேய்ச்சாச்சு, மினுக்கல் இல்லை. கண்டென்சர் இடுக்குலேருந்து ஒரு முறம் பதர் வந்துச்சு, ஃபேன் கெட்டியாத்தான் சுத்துது.

கசிவு 0.42 ஆம்பியர் காட்டிச்சு. எந்த ஃபியூஸ் எடுத்தும் விழல. பேட்டரியைக் கழட்டிட்டு டைனமோ பெரிய ஒயரை எடுத்து, டேப் சுத்தி ஒதுக்கி வச்சுத் திரும்ப அளந்தேன், 0.03-க்கு வந்துடுச்சு. வேலை பார்த்து மாட்டின அதே டைனமோ. டயோடு பிளேட் மாத்தச் சொல்லவா, புது டைனமோ வாங்கவா? அப்புறம் அந்த "டக்" சத்தம். ஷாஃப்ட்டைக் கையால திருப்பிப் பார்த்தேன், பின்பக்கக் கிராஸ்ல (ஷாஃப்ட் மடங்குற மூட்டு) அசைவு தெரியுது, அதுல வைக்கல் கயிறு மாதிரி சுத்தியிருந்துச்சு.

ஆட்டோ எலக்ட்ரிக் (திருத்துறைப்பூண்டி)

சபாஷ் தம்பி. 0.42-ன்னா ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் அவர். 70 ஏஎச் பேட்டரி ரெண்டு நாள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காலி. பாதி சார்ஜ்ல நின்ன பேட்டரி அதோட படுத்துடும். 14.2 கொடுக்குதுல்ல, டைனமோ நல்லாத்தான் இருக்கு. டயோடு பிளேட் மட்டும் மாத்தச் சொல்லுங்க, கூடவே கார்பன், பேரிங் ரெண்டையும் பார்த்துடட்டும். மாட்டின பிறகு கடையிலயே நின்னு, இதே மாதிரி கசிவு அளந்துட்டுக் காசு கொடுங்க.

கிராஸ் மாத்துங்க, தள்ளிப் போடாதீங்க. அறுந்தா ஷாஃப்ட் கீழ தொங்கி வண்டியோட அடிப்பக்கத்தைச் சுழட்டி அடிச்சிடும், அப்பா உள்ள இருப்பாரு. வைக்கலை முழுக்க அறுத்து எடுத்துட்டு டிஃபரன்ஷியல் ஆயில் சீல் கசியுதான்னும் பாருங்க, சுத்தின வைக்கல் சீலைக் கிழிக்கும். ஷாஃப்ட்டை இறக்கறதுக்கு முன்னாடி ஃபிளாஞ்சுலயும் ஷாஃப்ட்டுலயும் நேருக்கு நேர் பெயிண்ட்டால ஒரு கோடு போடச் சொல்லுங்க. அதே கோட்டுல திரும்ப மாட்டணும். மாறினா இப்ப இல்லாத அதிர்வு ஒண்ணு புதுசா வந்து சேரும்.